தொட்டா கையைத் தூக்குற ஊரு

நெஞ்சுல இருக்கிற மீனைத்தானே பாக்குறீங்க? நல்லாப் பாருங்க. பஸ்ஸுல ஏறுனதுல இருந்து பாக்குறீங்க, வாயைத் திறந்து கேக்கத்தான் மாட்டேங்கிறீங்க. உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தான்ணே. தப்பா நினைக்காதீங்க. மனசுல ஒண்ணு இருந்தா கேட்டுற வேண்டியதுதானே. நாங்க மதுரைப் பக்கம், பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்தா பஸ் கிளம்புறதுக்குள்ள அவன் சம்பளம் வரைக்கும் கேட்டு முடிச்சிருவோம்.

இது கபடி டீமு சட்டை. மட்டக்களப்பு பாடுமீன்கள். வாயைத் திறந்திருக்கு பாருங்க, மீன் பாடுதாம். உங்க வாவியில மீன் பாடும்னு சொல்றாங்களே, அதை வெச்சு வெச்ச பேரு. நானும் பாலத்து மேல போய்க் காதைக் குடுத்துப் பாத்தேன். கொசுதான் பாடுச்சு. எங்க நாட்டு டீமுங்க பேரெல்லாம் கேளுங்க, காளை, கழுகு, வேங்கை, கேட்டாலே எதிராளிக்கு உதறும். இங்க சிங்கம்னு வெச்சா ஒரு கூட்டத்துக்கு ஆகாது, புலின்னு வெச்சா இன்னொரு கூட்டம் நம்மளையே தூக்கி உள்ள வெச்சிரும். கடைசியில மீனு. மீனைப் பாத்து எவன் பயப்படுவான், சொல்லுங்க.

நான் ஒச்சப்பன். உசிலம்பட்டி. கோச். ஒரு சீசன் பூரா உங்க ஊர்ல கிடந்துட்டு இன்னைக்குத்தான் ஒரேயடியா ஊருக்குப் போறேன். கொழும்பு போய், அங்கிருந்து ஏர்போர்ட். முன் சீட்டுல என் பையை மடியில வெச்சுக்கிட்டு, காதுல வயரை மாட்டிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, அவன் என் டீம் கேப்டன். கேதீசன்னு பேரு. பாட்டுக் கேக்குறான், அவனுக்கு நாம பேசுறது கேக்காது. அவன் கதையைப் பின்னால சொல்றேன்.

முதல்ல இந்தக் கூத்து எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு கேளுங்க. எங்க வெற்றி கபடி லீக்கு இருக்கே, டிவியில வருமே, அதை நடத்துறவரு சுதர்சன் சாருன்னு ஒருத்தர். வெளிநாட்டுல படிச்சவரு. கபடின்னா என்னன்னு அவருக்குத் தெரியாது, ஆனா கபடியில இருந்து எவ்வளவு வரும்னு தெரியும். அவருக்குத் திடீர்னு ஆசை வந்திருச்சு. நம்ம லீக்கைப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டு போகணும், பாவம் முன்னேறி வர்ற நாடு, விளையாட்டை வளர்த்து விடணும்னு. ஓட்டல்ல பெரிய மீட்டிங்கு. உங்க நாட்டு மேப்பைச் சுவர்ல போட்டு, மட்டக்களப்பு மேல ஒரு சிவப்புப் புள்ளி, அங்கதான் லீக்கோட புது டீமுன்னாரு. பத்திரிகைக்காரன் ஒருத்தன் எந்திரிச்சு, அங்க ஏற்கெனவே கபடி ஆடுறாங்களே சார்னு கேட்டான். "ஆடுறாங்க, ஆனா புரொபஷனலா ஆடல"ன்னாரு சாரு. எல்லாரும் கை தட்டுனோம். நானும்தான் தட்டுனேன்.

அப்பறம் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. நான் அப்ப மதுரை டீமுல உதவிக் கோச்சு. உதவிக் கோச்சுன்னா என்ன, தண்ணி பாட்டிலைத் திறந்து குடுக்கிறது, துண்டைப் பிழியறது. என்கிட்ட ஆட்டம் கத்துக்கிட்ட பயலுக எல்லாம் எனக்கு மேல போய் உக்காந்துட்டானுங்க. சாரு சொன்னாரு, ஒச்சப்பன், நீங்க போங்க, அந்த டீமைக் கடைசி இடத்துக்கு வராம காப்பாத்துங்க, கடைசி இடம் வந்தா மேல இருக்கிறவங்க டீமையே மூடிருவாங்க, நீங்க காப்பாத்திட்டா மதுரைக்குத் தலைமைக் கோச்சு யாருங்கிறதை நாம பாத்துக்கலாம்னாரு. பாத்துக்கலாம்னு அவரு சொன்னா முடிஞ்ச மாதிரி. பெரிய மனுசங்க அப்படித்தான்ணே பேசுவாங்க. எழுதியா குடுப்பாங்க?

வந்தேன். வந்த அன்னைக்கே சோத்துல தேங்காய்ப்பாலை ஊத்தி சொதின்னு குடுத்தாங்க. கபடிக்காரன் சாப்புடுற சாப்பாடாண்ணே அது? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிறது. சரி, அதை விடுங்க.

புளியடிச்சேனைன்னு ஒரு ஊரு. உங்களுக்குத் தெரியும்? தெரிஞ்சிருக்கும். அங்கதான் நல்ல ஆட்டக்காரனுங்க இருக்கானுங்கன்னு சொன்னாங்க. இருந்தானுங்க, அதுல பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தனும் வயல்ல வேலை செஞ்சு முறுக்கிக் கிடந்தான். கண்ணகி அம்மன் கோயிலுக்கு முன்னால மணல் வெளி. அங்க ஆட விட்டுப் பாத்தேன். கழுத்துல விசிலை மாட்டிக்கிட்டு நடுவுல நிக்கிறேன். ஒருத்தன் பாடிப் போறான், பிடிக்கிறவன் ஒதுங்குறான், எனக்கே தொட்டானா இல்லையான்னு தெரியல. அதுக்குள்ள அந்தப் பிடிக்கிறவன் தானாக் கையைத் தூக்குறாண்ணே. கையைத் தூக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு வெளிய நடந்து போயிட்டான். யாரும் கேக்கல. நானும் விசில் ஊதல. அடுத்தவன் போறான், அதே மாதிரி ஒருத்தன் கையைத் தூக்குறான், வெளிய போறான். ஆட்டம் முடியிற வரைக்கும் என் விசிலுக்கு வேலையே இல்ல.

என்னடா இதுன்னு கேட்டா, அம்மாள்ட வெளியாம். அம்மன் பாத்துக்கிட்டு இருக்காளாம். இங்க நடுவர் வெக்கிறது வழக்கமே இல்லையாம். பட்டவன் தானே கையைத் தூக்கிட்டுப் போயிரணுமாம். அவங்க அப்பன், பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தானாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அம்மன் பாத்தா என்னடா, அம்மனா பாயிண்டு போடுறாங்குறேன். ஒருத்தனும் சிரிக்கல. நகைச்சுவையும் கிடையாது.

அங்க வதனின்னு ஒரு டீச்சரு. பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரு. பசங்களைச் சின்னதுல இருந்து ஆட வெச்சது அவங்கதானாம். எனக்கு உதவியா லீக்கே போட்டிருந்துச்சு. நல்ல பொம்பளைதான், ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு பார்வை. நான் அவங்ககிட்ட சொன்னேன், டீச்சர், இந்தக் கை தூக்குற பழக்கத்தை மொதல்ல வெட்டி எறியணும், இது புரொபஷனல் ஆட்டம், அம்பயர் பாக்கலைன்னா படல, அவ்வளவுதான் சட்டம்னேன்.

"மறுகா இவங்கள் ஊர்ல எப்படி விளையாடுற சேர்?"ன்னு கேட்டாங்க, மறுகான்னா அப்பறம்னு அர்த்தமாம். "பட்டதை மறைச்சவன்ட கையை ஆர் வந்து கோக்கிற?"

ஏதோ பெரிய விஷயம் மாதிரி. எங்களுக்குத் தெரியாத கையா? பிடிக்கிறவனுங்க ரெண்டு ரெண்டு பேரா, மூணு மூணு பேரா கையைக் கோத்து நிப்பானுங்க, சங்கிலி மாதிரி. வர்றவனை அந்தக் கை வளைச்சுப் பிடிக்கும். கபடியில பாதி அதுதான். கையைக் கோக்கிறதுக்கு விரல் இருந்தாப் போதும். இதுல மறைச்சான், மறைக்கலைன்னு என்ன பேச்சு.

முதல் மேட்சுல என்ன ஆச்சு தெரியுமா? டிவியில நாடே பாக்குது. எதிராளி விரல் நுனி எங்க ஆளு முழங்கையில பட்டிருக்கு. அம்பயரு படலைன்னு கையை விரிச்சிட்டாரு. எங்களுக்கு லாபம். இவன் கையைத் தூக்கிட்டு வெளிய போறான்! அம்பயரு கூப்பிடுறாரு, தம்பி, உள்ள வாப்பா, நீ அவுட் இல்லைங்கிறாரு. இவன், பட்டது சேர், பட்டதுன்னு நெஞ்சுல கை வெச்சு அம்பயருக்கே எடுத்துச் சொல்றான். கமெண்டிரியில சிரிச்சு உருண்டாங்க. அந்த வீடியோ எல்லா போனுலயும் ஓடுச்சு. சுதர்சன் சாரு எனக்குப் போன் போட்டு, ஒச்சப்பன், என்ன அங்க சாமியார் மடமா நடத்துறீங்கன்னாரு. எனக்கு மானமே போச்சு. தோத்தோம். அடுத்ததும் தோத்தோம். பாயிண்டுப் பட்டியல்ல அடியில கிடந்தோம்.

அப்பறம்தான் நான் வேலையைக் காட்டுனேன். ஆடுற ரப்பர் மேட்டைச் சுருட்டி வெச்சிட்டு எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சேன். ஒவ்வொருத்தன் முதுகுலயும் படார்னு ஒரு அடி. அடிச்சிட்டு முகத்துக்கு நேரா வந்து நின்னு, பட்டுச்சாம்பேன். பட்டது சேர்ம்பான். திருப்பி ஒரு அடி. பட்டுச்சா? பட்டது சேர். அடிச்சு அடிச்சு என் கைதாண்ணே வீங்குச்சு. டேய், மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கங்கடா, மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாதுடா, நான் ஆடுன காலத்துல அஞ்சு விரலும் முதுகுல பதிஞ்சு நின்னுச்சு, படலைன்னு நின்னேன், அம்பயரு என் மூஞ்சியைப் பாத்து நம்பினாரு, அந்த வருசம் கோப்பையே எங்களுக்குத்தான்னு சொன்னேன். மாடு மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க.

கத்துக்கிட்டவன் ஒரே ஒருத்தன். அந்தா, முன்னால உக்காந்திருக்கான்ல, அவன்தான். சும்மா இல்ல, அவனுக்கு ஒரு நெருக்கடி இருந்துச்சு. அவன் தகப்பன் இல்லாத பய. டீம் நிலைச்சாத்தான் அவனுக்குப் பொழப்பு, அவன் கூட இருக்கிறவனுக்கெல்லாம் பொழப்பு. கேப்டன்ல. நான் அவனைத் தனியா உக்கார வெச்சுச் சொன்னேன், டேய் கேதீசா, நீ ஒருத்தன் கல்லா நின்னா உன் ஊரே பொழைக்கும்டா. அவன் ரொம்ப நேரம் மணலையே பாத்துக்கிட்டு இருந்தான். அடுத்த நாள் முதுகுல அடிச்சேன். பட்டுச்சான்னேன். இல்ல சேர்ன்னான். மூஞ்சியில ஒண்ணும் இல்ல. எனக்குச் சந்தோசம் தாங்கல, கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் ரெண்டு மூணு மேட்சுல அவன் அப்படி நின்னான். ஜெயிக்க ஆரம்பிச்சோம். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கேட்சுல சங்கிலி அப்பப்ப அவிழ்ந்துச்சு. கேதீசன் பக்கத்துல நிக்கிறவன் கையைக் கோக்காம அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறான், இல்லைன்னா சட்டையைப் பிடிக்கிறான். வேர்வை போலன்னு நினைச்சேன். உங்க ஊர் வெக்கை அப்படி. பவுடர் வாங்கிக் குடுத்தேன்ணே, எல்லாருக்கும் ஒரு டப்பா. பூசிக்கிட்டானுங்க. அப்பவும் மணிக்கட்டுதான்.

கடைசி மேட்சு மதுரையில. யாருகூட? எங்க மதுரை டீமுகூடவே. ஜெயிச்சா நாங்க தப்பிச்சோம். சமமானாக்கூட நாங்கதான் கடைசி, டீமை மூடிருவாங்க. என் சொந்த ஊரு, என்னைத் தண்ணி பாட்டில் தூக்க வெச்சவனுங்க எல்லாம் எதிர்ல. புளியடிச்சேனையில கோயில் வெளியில பெரிய திரை கட்டி ஊரே பாக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க.

ஒரு பாயிண்டு நாங்க கூட. கடைசி ரெய்டு. மதுரைக்காரன் பாடிட்டு வர்றான். இங்கிட்டுப் போறான், அங்கிட்டுப் போறான், திரும்பிப் போகும்போது காலைப் பின்னால நீட்டுனான் பாருங்க, கட்டை விரலு கேதீசன் குதிகால்ல பட்டுருச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் நேர் எதிர்ல உக்காந்திருக்கேன். அம்பயருக்குத் தெரியல. மதுரைக்காரன் தொட்டேன் தொட்டேன்னு கத்துறான். ரிவ்யூ கேக்க முடியாது, அவங்க அதை முன்னாடியே கேட்டுத் தீர்த்துட்டாங்க. அம்பயரு கேதீசனைப் பாக்குறாரு. ஏன்னா மட்டக்களப்பு டீமு பசங்க தானே கையைத் தூக்குவானுங்கன்னு அவருக்குப் பழகிப் போச்சு.

கேதீசன் கை மேல வருதுண்ணே. தோள் வரைக்கும் வந்திருச்சு. என்னைப் பாத்தான். நான் தலையை ஆட்டுனேன். வேண்டாம்டான்னு. கை அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. அப்பறம் அந்தக் கையால தலைமுடியைக் கோதி விட்டுட்டு, கல்லு மாதிரி நின்னான். ஜெயிச்சிட்டோம்.

என்னைத் தூக்கிட்டுச் சுத்துவானுங்கன்னு பாத்தேன். ஒருத்தனும் வரல. அவனுங்க துண்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டானுங்க. டிவிக்காரன் சும்மா இருப்பானா, அந்தக் குதிகாலையே மெதுவா மெதுவா ஓட்டிக் காட்டுறான், கட்டை விரலு படுறது பளிச்சுன்னு தெரியுது. எங்க ஊர்ல அதைப் பாத்துக் கெட்டிக்காரப் பயடான்னு சொன்னாங்க. புளியடிச்சேனையில அதைப் பாத்ததும் திரையைக் கழட்டிட்டாங்களாம். ஜெயிச்சதுக்கு ஒரு வெடிகூடப் போடல. அவங்க டீமு, அவங்க பய ஜெயிச்சிருக்கான். இப்படி ஒரு ஊரை நீங்க பாத்திருக்கீங்களா?

வைகாசியில அந்த அம்மன் கோயில்ல குளிர்த்தின்னு ஒரு திருவிழா. என்னைக் கூப்பிட்டாங்க, போனேன். சாயங்காலம் மணல்ல ஊருக்குள்ள ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு ஆட்டம். கேதீசன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குனான். சின்னதுல இருந்து அவன்தான் அவங்க பக்கத்துக்குக் கேப்டன். போய் வரிசையில நின்னு, பக்கத்துல இருக்கிறவனுக்குக் கையை நீட்டுறான். அவன் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டான். இந்தப் பக்கம் இருந்தவனும் கட்டிக்கிட்டான். அடிக்கல, திட்டல, போடான்னு ஒரு வார்த்தை இல்ல. சும்மா கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. கேதீசன் நீட்டுன கையோட நின்னான். அவன் ஆத்தா கூட்டத்துல இருந்துச்சு, முந்தானையை எடுத்து வாயில வெச்சுக்கிட்டுத் திரும்பி நடந்திருச்சு. அவனும் அது பின்னாலயே போயிட்டான். ஆட்டம் அது பாட்டுக்கு நடந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். உங்களுக்காகத்தானடா அவன் நின்னான்னு கத்துனேன். அதுல ஒரு பய, முதல் மேட்சுல கையைத் தூக்குனானே அந்தப் பய, மெதுவாச் சொல்றான்.

"அவன்ல கோபமில்ல சேர். கை கோக்க ஏலாமக் கிடக்கு."

ஏலாமக் கிடக்காம். என்ன வியாதியா? அடுத்த சீசனுக்குப் பயிற்சி ஆரம்பிச்சா அதே கதை. மேட்டுல கேதீசன் நிக்கிறான், ரெண்டு பக்கமும் ஒரு ஆளு இடைவெளி. நான் கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டு போய்க் கோத்து விடுறேன், நான் திரும்புனதும் விட்டுர்றானுங்க. அவனை நீக்கிட்டு ஆடுங்கடான்னேன். அதுக்கும் ஒத்துக்கல. டீச்சர்கிட்ட சொல்லி ஒவ்வொருத்தனாப் பேரை எடுத்துட்டு வயலுக்குப் போயிட்டானுங்க. காசு வர்ற வேலைண்ணே. டிவியில மூஞ்சி வர்ற வேலை. ஒருத்தன் குதிகால்ல ஒரு விரல் பட்டதுக்கு ஒரு லீக்கையே வேண்டாம்னு போறவனுங்களை என்ன சொல்றது? நான் சுதர்சன் சாருக்கு விவரமாச் சொல்லிட்டேன், சார், இந்த நாட்டுக்கு நம்ம ஆட்டம் இன்னும் நூறு வருசம் ஆனாலும் வராது, இவங்களுக்குப் புரொபஷனல் புத்தியே கிடையாதுன்னு. அவரு ஒண்ணும் வருத்தப்படல. அடுத்து நேபாளத்தைப் பாக்கலாம்னாரு. மேட்டையெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சு. எனக்கும், ஊருக்கு வாங்க ஒச்சப்பன், பாத்துக்கலாம்னாரு. போன வாரம் ரெண்டு மூணு தடவை போன் அடிச்சேன், எடுக்கல, வேலையா இருப்பாரு. அதெல்லாம் முடிஞ்ச மாதிரிதான்.

இன்னைக்குக் காலையில பசங்க பூரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டானுங்க, என்னை வழியனுப்ப. டீச்சரும் வந்தாங்க. நான் ஒவ்வொருத்தனுக்கா கையை நீட்டுறேன், ஒருத்தனும் கை குடுக்கலண்ணே. எல்லாரும் கும்பிட்டானுங்க. அந்த ஒரு விஷயத்துல ஒத்துக்கிறேன், மரியாதை தெரிஞ்ச பசங்க. கோச்சைத் தொடக் கூடாதுன்னு நினைக்கிறானுங்க பாருங்க. கேதீசன் அப்ப பஸ்ஸுக்குள்ள ஏறி உக்காந்துட்டான். அவன் பக்கம் யாரும் பாக்கல. டீச்சர் மட்டும் ஜன்னல்கிட்ட வந்து அவன்கிட்ட என்னமோ சொன்னாங்க.

அவன் ஏன் என்கூட வர்றான்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கல, நானே சொல்றேன். அவனுக்கு ஊர்ல இருக்க முடியல. தினம் வந்து நிப்பான், சேர், என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, எந்த டீமுல எண்டாலும் ஆடுறன்னு. நானும் வாடா, பாத்துக்கலாம்னு சொல்லி வெச்சேன். மதுரையில இடமா? எங்க பயலுகளே வரிசையில நிக்கிறானுங்க. அதுவும் இல்லாம, ஊர்க்காரனே கை குடுக்காத பயலை நான் கொண்டு போய் என் டீமுல வெச்சா நாளைக்கு என் சங்கிலி நிக்குமா? நான் தலைமைக் கோச்சு, எனக்கு அதெல்லாம் பாக்கணும்ல.

அப்பறம் ஏன் கூட்டிட்டு வந்தேன்னா, எனக்குச் சிங்களம் ஒரு வார்த்தை தெரியாதுண்ணே. கொழும்புல இறங்கி, ஆட்டோ பிடிச்சு, ரூமு போட்டு, ஏர்போர்ட் போற வரைக்கும் பேச ஒரு ஆளு வேணும். பையும் கனம். கொழும்புல ஒருத்தர் விசாவோட நிப்பாருடான்னு சொல்லியிருக்கேன். அப்படி யாரும் இல்ல. ஏர்போர்ட் வாசல்ல வெச்சு, விசா தள்ளிப் போச்சுடா, அடுத்த மாசம் கூப்பிடுறேன்னு சொல்லிக்கலாம். திரும்பிப் போகக் காசு குடுத்துருவேன், நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல. கொஞ்ச நாள் ஏங்குவான், அப்பறம் துபாய்க்குக் கிபாய்க்குப் போயிருவான். என்ன அப்படிப் பாக்குறீங்க? இதுல என்னண்ணே இருக்கு. நானே எத்தனை வருசம் காத்துக் கிடந்தவன்.

அவனுக்குக் கேக்காதுண்ணே, பாட்டுக் கேட்டுக்கிட்டு வர்றான். இருங்க. அந்த வயரு நுனி தொங்குது. போன்ல மாட்டலையா? மாட்டாமலேயா இவ்வளவு தூரம் வர்றான்? டேய் கேதீசா. டேய். நாங்க பேசுனது ஏதாவது காதுல பட்டுச்சாடா?

என்னடா, கையைத் தூக்குற?

பஸ்ஸை நிப்பாட்டச் சொல்றான் போல. ஒண்ணுக்கு வந்திருக்கும். டிரைவரும் கண்ணாடியில பாத்துட்டு ஓரங்கட்டுறாரு பாருங்க. இது எந்த இடம்ணே, ஹபரணையா? யானை வரும்னு போர்டு வெச்சிருக்கே. டேய், சீக்கிரம் போயிட்டு வா. என்ன, பையை என் மடியில வெக்கிற? கனமா இருக்குடா, சீட்டுலயே வெச்சிட்டுப் போ. மூஞ்சியை ஏண்டா குனிஞ்சுக்கிட்டுப் போற? இறங்குறதுக்குக் கையைக் கீழ போட்டுட்டு இறங்க வேண்டியதுதானே.

அவனோட பையை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போறான்?

ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறாண்ணே. ஒண்ணுக்குப் போக இந்தப் பக்கமே காடாக் கிடக்கு. அங்க போய் பஸ் நிறுத்தத்துல நிக்கிறான். எதுக்க வர்றது மட்டக்களப்பு பஸ்ஸாண்ணே? எனக்கு அந்தச் சிங்கள எழுத்துப் புரியல. டேய்! கேதீசா! கேக்குது, கேக்குது, இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்கிறான்.

நம்ம பஸ்ஸு கிளம்புது. அண்ணே, கண்டக்டர்கிட்ட கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. நான் கொழும்புல தனியா என்ன பண்ணுவேன்? உங்களுக்குச் சிங்களம் தெரியும்ல, ஏறும்போது நீங்க பேசுனதைக் கேட்டேனே. சொல்லுங்கண்ணே.

அண்ணே, என்ன கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க?